கன்வஸில் உருவம் கீறுற எடிற்றர்: எதில இருந்து தொடங்கிறது?

சுன்னாகம்_23
வணக்கம். குறூப் புறொஜெக்ற்றுக்கு ஒரு சின்ன வரைதல் எடிற்றர் செய்யவேணும், பிறவுசரின்ரை கன்வஸில (பிக்சலாப் படம் கீறுற பலகை). செவ்வகம், நீள்வட்டம், கோடு, பல்கோணி, எழுத்து. தெரிவுசெய்து இழுக்க, பெருப்பிக்க, சுழற்ற ஏலவேணும். அன்டூவும் (செய்ததைத் திருப்புறது) சேமிப்பும் வேணும். ஜாவாஸ்கிரிப்ற்றில, வெளி லைபிரறி ஒண்டும் பாவிக்காமல். இப்ப மவுஸை இழுத்தால் செவ்வகம் வருது, ஆனால் இழுக்க இழுக்கப் பழைய செவ்வகங்கள் எல்லாம் பின்னால வால் மாதிரி நிக்குது. துடைச்சால் முந்திக் கீறினதும் சேர்ந்து போகுது. எஸ்விஜிக்கு (உருவங்களைத் தனித்தனியா எழுதி வைக்கிற பட முறை) மாறுறதோ?

வல்லைக்காத்து
தம்பி, கன்வஸுக்கு ஞாபகம் கிடையாது. கீறி முடிஞ்ச செவ்வகம் அதுக்கு நிறம் பூசின பிக்சல் மட்டும்தான். ஞாபகம் வைச்சிருக்க வேண்டியது உங்கட புறோகிராம்.

முதல் உருவங்களுக்கு ஒரு லிஸ்ற் வையுங்கோ. ஒவ்வொரு உருவத்துக்கும் அடையாள எண், வகை, இடம், அகலம், உயரம், சுழற்சிக் கோணம், கோட்டு நிறம், நிரப்பு நிறம், கோட்டுத் தடிப்பு. எல்லாம் வெறும் தரவு. அதுக்குள்ள கன்வஸ் பற்றின சொல் ஒண்டும் வரக்கூடாது. பிறகு கீறுறதுக்கு ஒரேயொரு ஃபங்ஷன்: முழுக் கன்வஸையும் துடைக்கும், லிஸ்ற்றை முதலில இருந்து கடைசி வரை கீறும், அதுக்கு மேல, தெரிவான உருவத்தைச் சுற்றித் தெரிவுக் கட்டத்தையும், பெருப்பிக்கப் பிடிக்கிற சின்னச் சதுரக் கைபிடிகளையும் கீறும். மவுஸ் அசையேக்கை நேரே கன்வஸைத் தொடாதேங்கோ. லிஸ்ற்றில உள்ள எண்ணை மாத்திப்போட்டு, 'திருப்பிக் கீறவேணும்' எண்டு ஒரு கொடி மட்டும் ஏத்துங்கோ. அடுத்த அனிமேஷன் ஃபிரேமில ஒருக்கால் கீறினால் காணும். சாதாரணத் திரை செக்கனுக்கு 60 தரம்தான் புதுப்பிக்கும், அதைவிடக் கூடக் கீறுறது வீண்.

ஒவ்வொரு உருவத்துக்கும் முதல், புதுப் பாதை தொடங்கிற கட்டளையான பிகின்பாத்தைக் கூப்பிட மறக்கவேண்டாம். மறந்தால் பழைய பாதைகள் எல்லாம் புது உருவத்தோடை சேர்ந்து திரும்பத் திரும்பக் கீறப்படும். கோடு தடிச்சுக்கொண்டு போகும், எல்லாம் கடைசி உருவத்தின்ரை நிறத்துக்கு மாறும், பத்து நிமிசத்தில பிறவுசர் இழுபடும். 'கன்வஸ் ஸ்லோ' எண்டு வாற முறைப்பாட்டில கனக்கவுக்குக் காரணம் இந்த ஒரு வரிதான்.

நிலாவரை
எஸ்விஜியை அப்பிடித் தள்ளிவிடவேண்டாம். அங்க ஒவ்வொரு உருவமும் ஒரு தனி எலிமென்ற். கிளிக் எதில பட்டது எண்டு பிறவுசரே சொல்லும், எந்த அளவுக்குப் பெருப்பிச்சாலும் கூர்மை குறையாது, சேமிக்கிறதும் சுகம். சில நூறு உருவம் எண்டால் வேகத்தில வித்தியாசமே தெரியாது. பல ஆயிரம் உருவம் ஒரே நேரத்தில அசைஞ்சால்தான் கன்வஸ் வெல்லும்.

ஆனால் பாடத்துக்கான வேலை எண்டபடியால் கன்வஸே நல்லது. 'எதில பட்டது' எண்ட கணக்கை நீங்களே எழுதவேண்டி வரும், புள்ளியும் அங்கதான் கிடைக்கும். வல்லை அண்ணை சொன்னமாதிரி தரவைத் தனியா வைச்சால், ஏற்றுமதிக்கு மட்டும் எஸ்விஜியை உருவாக்கிற ஃபங்ஷன் ஒண்டைப் பிறகு சேர்க்கலாம்.

பனங்கொட்டை
தரவு தனி, கீறல் தனி எண்டது சரி. மூண்டாவது ஒண்டையும் இப்பவே பிரியுங்கோ: கருவி. எல்லாத்தையும் ஒரே மவுஸ் ஃபங்ஷனுக்குள்ள போட்டு 'செவ்வகம் எண்டால் இப்பிடி, இழுக்கிறது எண்டால் அப்பிடி' எண்டு நிபந்தனைக்கு மேல நிபந்தனை அடுக்கினால் ரெண்டாம் கிழமை ஒருத்தருக்கும் விளங்காது. ஒவ்வொரு கருவியும் மூண்டு செயல் உள்ள ஒரு ஒப்ஜெக்ற்: அழுத்தினால், அசைஞ்சால், விட்டால். தெரிவுக் கருவிக்குள்ள மட்டும் நிலைகள் வரும்: சும்மா நிக்கிறது, உருவத்தை இழுக்கிறது, கைபிடியை இழுக்கிறது, வெறும் இடத்தில தெரிவுக் கட்டம் விரிக்கிறது. எந்த நிலை எண்டது அழுத்தின கணத்தில முடிவாகவேணும், அசையேக்கை இல்லை.

மவுஸ் நிகழ்வை விட்டிட்டுப் பொயின்ரர் நிகழ்வைப் பாவியுங்கோ, போனிலயும் அதே கோட் ஓடும். அழுத்தின உடனே பொயின்ரரைக் கன்வஸோட பிடிச்சு வைக்கவேணும். இல்லாட்டில் இழுத்துக்கொண்டு வெளியில போய் விரலை விட்டால் 'விட்டது' எண்ட செய்தி வராது. திரும்பி உள்ள வரேக்கை உருவம் மவுஸில ஒட்டிக்கொண்டு திரியும். கன்வஸின்ரை ஸ்ரைலில தொடு அசைவை (ரச் அக்ஷன்) 'நன்', அதாவது ஒண்டும் இல்லை, எண்டு வையுங்கோ. வைக்காட்டில் போன் அதைப் பக்க ஸ்குறோல் எண்டு எடுத்து, நடுவில நிகழ்வை ரத்துச் செய்துபோடும்.

சுன்னாகம்_23
நன்றி. மூண்டாப் பிரிச்சாச்சு, வால் போயிட்டுது. இப்ப ரெண்டு சிக்கல். கிளிக் பண்ணினால் கீழ கிடக்கிற உருவம்தான் தெரிவாகுது. மற்றது, என்ரை லப்டொப்பில சரியா விழுற கிளிக், இன்னொருத்தற்றை லப்டொப்பில கொஞ்சம் தள்ளி விழுது. அங்க கோடும் மங்கலாக் கிடக்கு.

வல்லைக்காத்து
முதலாவது சுகம். கீறுறது லிஸ்ற்றின்ரை முன்னால இருந்து பின்னுக்கு, தேடுறது பின்னால இருந்து முன்னுக்கு. கடைசியாக் கீறினதுதானே மேல நிக்குது. முதல் பட்டதோட நிப்பாட்டுங்கோ.

மங்கல் வாறது திரையின்ரை பிக்சல் விகிதத்தால (ஸ்ரைலில 1 பிக்சல் எண்டது திரையில உண்மையா எத்தினை பிக்சல் எண்ட எண்). அந்த லப்டொப்பில அது 1.25 அல்லது 1.5 ஆ இருக்கும். கன்வஸின்ரை உள் அகலத்தை, திரையில தெரியிற அகலம் பெருக்கல் பிக்சல் விகிதம் எண்டு வையுங்கோ. தெரியிற அளவை ஸ்ரைலில தனியாக் குடுங்கோ. கீறத் தொடங்க முதல் உருமாற்றத்தில அந்த விகிதத்தைச் சேருங்கோ. உள் அகலத்தை மாத்தினால் கன்வஸ் முழுக்கத் துடைபட்டு அமைப்பெல்லாம் ஆரம்பத்துக்குப் போகும் எண்டதையும் மனதில வையுங்கோ.

கிளிக் தள்ளி விழுறது ஆள்கூறு கலங்கினபடியால். இங்க ரெண்டு உலகம் இருக்கு: திரை ஆள்கூறு, படத்தின்ரை ஆள்கூறு. நிகழ்வில வாற இடத்தில இருந்து கன்வஸின்ரை இடது மேல் மூலையைக் கழிச்சால் திரை ஆள்கூறு. அதில நகர்வை (படத்தைத் தள்ளிப் பார்க்கிற தூரம்) கழிச்சு, சூமால (படத்தைக் கிட்டவா, தூரவாப் பார்க்கிற மடங்கு) பிரிச்சால் படத்தின்ரை ஆள்கூறு. பிக்சல் விகிதம் கீறுற இடத்தில மட்டும் வரவேணும், இந்தக் கணக்குக்குள்ள புகுந்தால் பிழை. மாற்றுறதுக்கு ஒரே ஃபங்ஷன் இருக்கட்டும், கருவிகளுக்குப் படத்தின்ரை ஆள்கூறு மட்டும் போகட்டும்.

சூம் செய்யேக்கை மவுஸ் நிக்கிற புள்ளி அசையக்கூடாது. அதுக்கு:
புது நகர்வு = மவுஸ் − (மவுஸ் − பழைய நகர்வு) × புது சூம் ÷ பழைய சூம்
கிடையாயும் நிலையாயும் தனித்தனியாப் போடுங்கோ.

நிலாவரை
'பட்டதோ' எண்ட சோதனையைப் பற்றிக் கொஞ்சம் விரிவா.

சுழன்ற உருவத்துக்கெண்டு தனிக் கணக்கு எழுதவேண்டாம். கிளிக் புள்ளியை உருவத்தின்ரை மையத்தைச் சுற்றி எதிர்ப்பக்கமாச் சுழற்றுங்கோ, பிறகு அது சாதாரண நேரான உருவம். செவ்வகத்துக்கு எல்லைக்குள்ள நிக்குதோ எண்டு பார்த்தால் சரி. நீள்வட்டத்துக்கு, மையத்தில இருந்து கிடைத்தூரத்தைக் கிடை ஆரையால பிரிச்சு வர்க்கம், நிலைத்தூரத்தை நிலை ஆரையால பிரிச்சு வர்க்கம், ரெண்டையும் கூட்டினால் 1 அல்லது அதுக்குக் குறைய இருக்கவேணும்.

கோடுதான் கவனம். கோட்டின்ரை சமன்பாட்டைப் போட்டால் அது முடிவில்லாத கோடு, கோடு முடிஞ்ச இடத்துக்கு அப்பால கிளிக் பண்ணினாலும் தெரிவாகும். ஒரு நுனியில இருந்து கிளிக் வரைக்குமான காவியையும் (திசையோட உள்ள நீளம்) கோட்டின்ரை காவியையும் புள்ளிப்பெருக்கம் செய்து, கோட்டு நீளத்தின்ரை வர்க்கத்தால பிரியுங்கோ. வாற விடையை 0 இல இருந்து 1 க்குள்ள அடக்குங்கோ. அந்தப் புள்ளியில இருந்து கிளிக்குக்கு உள்ள தூரம், பாதிக் கோட்டுத் தடிப்போட சகிப்புத்தூரத்தையும் கூட்டினதுக்குள்ள இருந்தால் பட்டது. நீளம் பூச்சியமான கோடு வந்தால் பூச்சியத்தால பிரிக்கவேண்டி வரும், அதை முதலே தடுங்கோ.

சகிப்புத்தூரம் மவுஸுக்கு 5, 6 பிக்சல் காணும். ஆனால் அது திரைப் பிக்சல், அதாலை படத்தின்ரை கணக்கில அதைச் சூமால பிரிக்கவேணும். பிரிக்காட்டில் தூர இருந்து பார்க்கேக்கை கோட்டைப் பிடிக்கவே ஏலாது, கிட்டப் போனால் அரைத் திரை தள்ளிக் கிளிக் பண்ணினாலும் பிடிபடும். கைபிடிக்கும் இதே கதை. கீறுறது 8 பிக்சல் சதுரம், பிடிபடுறது 12. விரலுக்கு எண்டால் 24 க்குக் குறையாமல் வையுங்கோ.

நிரப்பு நிறம் இல்லாத உருவத்துக்கு விளிம்பு மட்டும் பிடிபடட்டும். இல்லாட்டில் எல்லாத்தையும் சுற்றி ஒரு பெரிய சட்டம் கீறினால், உள்ளுக்குள்ள ஒண்டையும் தொட ஏலாமல் போகும்.

பனங்கொட்டை
இழுக்கிறதுக்கும் ஒண்டு. ஒவ்வொரு அசைவிலயும் வாற சின்ன வித்தியாசத்தை உருவத்தின்ரை இடத்தோட கூட்டிக்கூட்டிப் போகாதேங்கோ. அழுத்தின கணத்தில பொயின்ரர் நிண்ட இடத்தையும் உருவம் நிண்ட இடத்தையும் எழுதி வையுங்கோ. புது இடம் = தொடக்க இடம் + (இப்பத்தைய பொயின்ரர் − தொடக்கப் பொயின்ரர்). 10 அலகுக் கட்டத்தில ஒட்டிற வசதியைச் சேர்க்கேக்கை இதின்ரை அருமை விளங்கும். கூட்டிக்கொண்டு போற முறையில ஒவ்வொரு 2, 3 பிக்சல் அசைவும் பூச்சியத்துக்கு மட்டம்தட்டப்படும், உருவம் அசையவே அசையாது.

புது உருவத்தை வலம் இருந்து இடமா இழுத்தால் அகலம் மறை எண்ணாகும். விடேக்கை ரெண்டு மூலையில சின்னதை இடமா, வித்தியாசத்தின்ரை தனிப்பெறுமானத்தை (மறைக் குறி இல்லாத அளவு) அகலமா மாத்திவிடுங்கோ. இழுக்காமல் சும்மா கிளிக் பண்ணினால் அகலமும் உயரமும் பூச்சியமான உருவம் லிஸ்ற்றுக்குள்ள போய்க் குந்தும். கண்ணுக்குத் தெரியாது, சேமிப்பில மட்டும் இருக்கும். திரையில 3 பிக்சலுக்குக் குறைஞ்சதைச் சேர்க்கவேண்டாம்.

வல்லைக்காத்து
அன்டூவைக் கடைசிக்கு விடாதேங்கோ. ஒவ்வொரு மாற்றமும் ஒரு கட்டளை ஒப்ஜெக்ற்: 'செய்' எண்டும் 'திருப்பு' எண்டும் ரெண்டு செயல். நகர்த்தினால் பழைய இடமும் புது இடமும், அழிச்சால் உருவமும் அது லிஸ்ற்றில நிண்ட இடமும். செய்ததை ஒரு அடுக்கில போடுங்கோ, திருப்பினதை மற்ற அடுக்கில.

நிலாவரை
அண்ணை, நாலு மாணவர் செய்யிற வேலைக்கு அது பாரம். அஞ்சு வகை உருவம், பத்துப் பன்ரெண்டு செயல், ஒவ்வொண்டுக்கும் திருப்பல் எழுதவேணும். ஒண்டில பிழைச்சாலும் அதுக்குப் பிறகு வாற எல்லாத் திருப்பலும் சேர்ந்து பிழைக்கும். முழு லிஸ்ற்றையும் பிரதி எடுத்து வைக்கிறதுதான் இங்க புத்தி. ஒரு உருவம் ஜேசனில (தரவை எழுத்தாச் சேமிக்கிற முறை) 150 பைற் எண்டு வையுங்கோ. 200 உருவம் 30 கிலோபைற், 100 படி வைச்சால் 3 மெகாபைற். இண்டைக்கு இது ஒரு கணக்கே?

வல்லைக்காத்து
படத்துக்குள்ள போட்டோ ஒட்டத் தொடங்கினால் கணக்கு மாறும்.

நிலாவரை
போட்டோவைத் தனி அட்டவணையில வைச்சு, உருவத்துக்குள்ள அதின்ரை எண்ணை மட்டும் வைச்சால் பிரதிக்குள்ள அது வராது. பலர் ஒரே படத்தை ஒரே நேரத்தில திருத்திற எடிற்றர் எண்டால் நீங்கள் சொல்லுற கட்டளை முறைதான் வேணும், அதை நான் மறுக்கேல்லை. இந்தப் பட்டியலில அது இல்லை.

எந்த முறை எடுத்தாலும் ஒரு இழுவைக்கு ஒரு படி. அசைவுக்கு ஒரு படி வைச்சால் ஒரு நகர்த்தலைத் திருப்ப அறுபது தரம் அன்டூ அழுத்தவேணும். தடிப்பு மாத்திற சறுக்குப் பட்டையும் அப்பிடித்தான்: இழுக்கேக்கை வாற நிகழ்வில படத்தை மாத்துங்கோ, விட்ட பிறகு வாற நிகழ்வில படியைப் போடுங்கோ. அன்டூக்குப் பிறகு புதுசா ஒண்டு செய்தால் றீடூ அடுக்கை (திருப்பினதைத் திரும்பச் செய்யிறதுக்கு உள்ளது) காலியாக்கவேணும்.

சுன்னாகம்_23
அக்கா சொன்ன பிரதி முறையைப் போட்டன். அடுக்கில எண்ணிக்கை சரியாக் கூடுது, ஆனால் அன்டூ அழுத்தினால் ஒண்டும் நடக்குதில்லை. உருவத்தை அழிச்சால் மட்டும் அது திரும்பி வருது.

நிலாவரை
லிஸ்ற்றை ஸ்லைஸ் போட்டுப் பிரதி எடுத்திருப்பியள். அது லிஸ்ற்றை மட்டும்தான் புதுசாக்கும், உள்ள இருக்கிற உருவங்கள் அதே ஒப்ஜெக்ற்றுகள். இடத்தை மாத்தேக்கை பழைய பிரதியிலயும் சேர்ந்து மாறுது. அழிக்கிறது லிஸ்ற்றை மாத்திற வேலை, அதாலை அது மட்டும் திரும்புது. உள்ள இருக்கிற ஒப்ஜெக்ற்றுகளையும் பிரதி எடுக்கிற ஸ்ரக்சர்ட்குளோனால ஆழமாப் பிரதி எடுங்கோ.

அதைத் திருத்தின உடனே அடுத்த பக் வரும், இப்பவே சொல்லிவிடுறன். அன்டூக்குப் பிறகு லிஸ்ற்றில இருக்கிறது எல்லாம் புது ஒப்ஜெக்ற். 'தெரிவானது' எண்டு நீங்கள் பழைய ஒப்ஜெக்ற்றையே பிடிச்சு வைச்சிருந்தால், இழுக்கிறது படத்தில இல்லாத ஒண்டை. தெரிவில அடையாள எண்ணை மட்டும் வைச்சு, தேவைப்படேக்கை லிஸ்ற்றில தேடுங்கோ. ஃபைலைத் திறந்த பிறகு எண் கொடுக்கிற கவுன்ரர் திரும்ப 1 இல தொடங்காமல், ஃபைலில உள்ள பெரிய எண்ணுக்கு அடுத்ததில தொடங்கட்டும்.

பனங்கொட்டை
ஃபைல் கதை வந்தபடியால்: ஜேசனின்ரை தலையில ஒரு பதிப்பு எண் வையுங்கோ, முதல் நாளே. பிறகு சுழற்சிக் கோணம் எண்ட புலத்தைச் சேர்க்கேக்கை, பழைய ஃபைலுக்கு 0 எண்டு நிரப்ப அது உதவும். மற்றது, பெருப்பிக்கிற கணக்கில எங்கையாவது பூச்சியத்தைப் பூச்சியத்தால பிரிச்சால் 'எண் அல்லாதது' வரும். ஜேசன் அதைச் சத்தமில்லாமல் 'நல்' (பெறுமானம் இல்லை) எண்டு எழுதும். திரும்பத் திறக்கேக்கை உருவம் மூலைக்குப் போயிருக்கும் அல்லது காணாமல் போயிருக்கும், அதுக்கும் பக் நடந்த இடத்துக்கும் சம்பந்தமே தெரியாது. சேமிக்க முதல் எல்லா எண்ணும் முடிவுள்ள எண்தானோ எண்டு சோதியுங்கோ.

சுன்னாகம்_23
எல்லாம் ஓடுது. சுழற்றின செவ்வகத்தை மூலையில பிடிச்சுப் பெருப்பிச்சால் மட்டும் மற்ற மூலை வழுக்கிக்கொண்டு போகுது.

வல்லைக்காத்து
சுழற்சி மையத்தைச் சுற்றி நடக்குது. அகலம் மாறினால் மையமும் மாறும், அதோட எல்லா மூலையும் சேர்ந்து நகரும். கோணவியலில தலையை உடைக்கவேண்டாம். எதிர் மூலை படத்தில எங்க நிக்குது எண்டதை அழுத்தேக்கையே எடுத்து வையுங்கோ. அது நங்கூரம், அசையாது. ஒவ்வொரு அசைவிலயும்:
புது மையம் = (நங்கூரம் + பொயின்ரர்) ÷ 2
பொயின்ரர் − நங்கூரம் எண்ட காவியை உருவத்தின்ரை கோணத்துக்கு எதிராச் சுழற்றினால் வாற ரெண்டு எண்ணின்ரை தனிப்பெறுமானம்தான் புது அகலமும் புது உயரமும்.
அவ்வளவுதான். பக்கக் கைபிடிக்கு நங்கூரம் எதிர்ப்பக்கத்தின்ரை நடுப்புள்ளி, சுழற்றின காவியில ஒரு திசையை மட்டும் எடுத்து, மற்றதைப் பூச்சியமாக்கித் திருப்பிச் சுழற்றி மையத்தைக் காணுங்கோ.

இவான் சதர்லன்ட் 1963 இல அமெரிக்காவின்ரை எம்ஐரியில ஸ்கெச்பாட் எண்ட வரைதல் புறோகிராமைக் காட்டேக்கையே ஒளிப்பேனாவால திரையில உருவத்தைப் பிடிச்சு மாத்த முடிஞ்சது. அறுபது வருசத்துக்குப் பிறகும் கைபிடிக் கணக்கு ஆக்களை அலைக்கழிக்குது.

மணற்காட்டான்
எழுத்துப் பெட்டியை ஒருத்தரும் தொடேல்லையே. தமிழ் வேணும் எண்டால் அதுதான் ஆகப் பெரிய வேலை. விசைப்பலகை நிகழ்வைப் பிடிச்சு எழுத்தெழுத்தாக் கன்வஸில கீறுறதை மறந்துவிடுங்கோ. ஒலிப்பு முறையில தட்டிற ஆக்களுக்கு நடு எழுத்துகள் உருவாகி மறைஞ்சுதான் கடைசி எழுத்து வரும், அந்த நிகழ்வில அது கிடைக்காது. எழுத்து நிக்கிற இடத்துக்கு மேல, அதே அளவு, அதே எழுத்துருவில ஒரு உண்மையான ரெக்ஸ்ற்ஏரியாவை (பிறவுசரின்ரை எழுத்துத் தட்டுற பெட்டி) வையுங்கோ. வெளியில கிளிக் பண்ணினதும் அதில உள்ளதை உருவத்துக்கு மாத்தி, பெட்டியை எடுத்துவிடுங்கோ. பெட்டி திறந்திருக்கேக்கை உங்கட குறுக்குவிசைகளை நிப்பாட்டவேணும், இல்லாட்டில் எழுத்தழிக்க டிலீற் அழுத்தினவருக்கு முழு உருவமும் போய்விடும்.

கீறேக்கை வரியை முழுசாக் குடுங்கோ. எழுத்து இடைவெளிக்காக ஒவ்வொண்டாப் பிரிச்சால் கொம்பும் காலும் புள்ளியும் கழண்டு தனிய நிக்கும். 'யாழ்ப்பாணம்' எங்கட கண்ணுக்கு 6 எழுத்து, ஜாவாஸ்கிரிப்ற் நீளம் கேட்டால் 11 எண்டு சொல்லும். வரி மடிக்கிறதுக்கு நடுவில வெட்டவேண்டி வந்தால் ஜாவாஸ்கிரிப்ற்றோட வாற எழுத்துப் பிரிப்பான் இன்ரல் செக்மென்ரரைப் பாவியுங்கோ, அது 6 எண்டே பிரிக்கும். எழுத்துரு வந்து சேர முதல் அகலத்தை அளந்தால் வேற எழுத்துருவின்ரை அளவு வரும், தெரிவுக் கட்டம் எழுத்தை விட்டுத் தள்ளி நிக்கும். எழுத்துரு ஏறும்வரை காத்திருந்து அளவுங்கோ.

யூனிகோட் இல்லாத பாமினி எழுத்துருவில தட்டின பழைய ஆவணத்தில இருந்து கொப்பி பண்ணி ஒட்டினால் உள்ள இருக்கிறது ஆங்கில எழுத்துகள்தான். ஒட்டேக்கையே யூனிகோட்டுக்கு மாத்திச் சேமியுங்கோ, இல்லாட்டில் அந்த எழுத்துரு இல்லாத மெசினில ஃபைல் வாசிக்கேலாது.

கைதடி_வெளி
ஒரு கேள்வி. இதே எடிற்றரில காணித் துண்டைப் பல்கோணியாக் கீறிப் பரப்புக் கணக்கு எடுக்கலாமோ? பிறிண்ட் எடுத்தால் அளவு சரியா வருமோ?

நிலாவரை
வரும். படத்தின்ரை அலகைப் பிக்சல் எண்டு வைக்காமல் மீற்றர் எண்டு வையுங்கோ, திரைக்கு மாத்திறது சூமின்ரை வேலை. பரப்பளவுக்கு, ஒவ்வொரு முனையின்ரை கிடை ஆள்கூறை அடுத்த முனையின்ரை நிலை ஆள்கூறால பெருக்கி, அடுத்ததின்ரை கிடையை இதின்ரை நிலையால பெருக்கினதைக் கழியுங்கோ. கடைசி முனைக்கு அடுத்தது முதல் முனை. எல்லாத்தையும் கூட்டிப் பாதியாக்கி, தனிப்பெறுமானம் எடுங்கோ. மணிக்கூட்டுத் திசையில கீறினாலும் எதிர்த்திசையில கீறினாலும் விடை ஒண்டுதான். ஆனால் பக்கங்கள் ஒண்டையொண்டு வெட்டினால் ஒரு பகுதி மற்றதைக் கழிச்சுப்போடும், அதாலை பக்கங்கள் வெட்டுதோ எண்டு சோதிச்சு எச்சரிக்கவேணும்.

எங்கட காணி அளவில 1 பேர்ச் 272.25 சதுர அடி, 10 பேர்ச் 1 பரப்பு. மீற்றரில 1 பரப்பு 252.93 சதுர மீற்றர். சோதிக்க: 30 மீற்றருக்கு 25.3 மீற்றர் செவ்வகம் கீறினால் 759 சதுர மீற்றர், 3 பரப்புக்கு மட்டுமட்டா வரவேணும்.

பிறிண்டுக்குக் கன்வஸை எடுக்காமல் எஸ்விஜியா ஏற்றுமதி செய்யுங்கோ. ஏ4 தாள் 210 க்கு 297 மில்லிமீற்றர். 1:500 அளவுத்திட்டத்தில அது 105 மீற்றருக்கு 148.5 மீற்றர். எஸ்விஜியின்ரை அகல உயரத்தை மில்லிமீற்றரில குடுத்து, வியூபொக்ஸில (படத்தின்ரை எந்தப் பகுதி தெரியவேணும் எண்டு சொல்லுற இடம்) 0, 0, 105, 148.5 எண்டு போட்டால் 30 மீற்றர்ப் பக்கம் தாளில 60 மில்லிமீற்றர். கோட்டுத் தடிப்பும் இப்ப மீற்றரில எண்டதைக் கவனியுங்கோ: 1 எண்டு விட்டால் தாளில 2 மில்லிமீற்றர் தடிப்பில வரும், 0.15 போல வையுங்கோ. பிறிண்டர்ப் பெட்டியில 'தாளுக்குப் பொருத்து' எண்டதை எடுத்து 100 வீதம் ஆக்கவேணும். படத்துக்குள்ளயே 10 மீற்றர் அளவுகோல் ஒண்டையும் கீறிவிட்டால், ஆரும் குறைச்சு அடிச்சாலும் அடிமட்டம் வைச்சுக் கண்டுபிடிக்கலாம்.

வல்லைக்காத்து
காணி உறுதி எழுதுறதுக்கு உரிமம் பெற்ற நில அளவையாளற்றை வரைபடம்தான் செல்லும். இது வேலி போடக் கணக்குப் பார்க்க.

கைதடி_வெளி
ஓம், வேலிக்குத்தான். அப்ப சுற்றளவும் காட்டவேணும்.

நிலாவரை
பக்க நீளங்களைக் கூட்டினால் சுற்றளவு. ஒவ்வொரு பக்கத்தின்ரை நீளத்தையும் அந்தப் பக்கத்தின்ரை நடுவில எழுதிக் காட்டுங்கோ. எழுத்து பக்கத்தோட சேர்ந்து சாயேக்கை கோணம் 90 பாகைக்கு மேல போனால் 180 ஐக் கழியுங்கோ, −90 க்குக் கீழ போனால் 180 ஐக் கூட்டுங்கோ, இல்லாட்டில் தலைகீழாக் கிடக்கும்.